ஹனீஃபா பாய் பூட்டிவிட்டுப் போன திரை

பேய், ஆவி, நடமாட்டம் என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் மாமனார் ஊரப்பாக்கத்தில் ஏதோ உருவத்தைப் பார்த்ததாகச் சொன்னபோது, முதலில் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கோங்க மாமா என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே சொன்னேன். அதற்கு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு சிரிப்பீர்கள் பாருங்கள், அது என் சிரிப்பு. இத்தனை வருடமாக ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் பார்த்து நான் சிரித்தது. ஆகவே சிரியுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

அப்போது நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், வண்டிகளுக்கு பிரேக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மின். கிழக்குத் தாம்பரத்திலிருந்து தினமும் ரயில். என் வேலை சாவிக்கொத்து வைத்திருக்கிற வேலை, அவ்வளவுதான். கம்பெனியில் ஒரு சர்வர் இருக்கும், ஒவ்வொரு ஆளின் பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெயரைத் தட்டினாலும் சர்வர் பார்த்து, சரி, இவன் நம்ம ஆள்தான், உள்ளே விடு என்று சொல்லும். அதற்கு டொமைன் அக்கவுண்ட் என்று பெயர். இன்னொன்று லோக்கல் அக்கவுண்ட், அது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும், சர்வரைக் கேட்காது. இதைப் பதினோரு வருடம் அந்த ஆட்களுக்கு விளக்கினேன், ஒருத்தருக்கும் ஏறவில்லை.

சும்மா சொல்லவில்லை, நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். பிள்ளை பெயரைப் போட்டுப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அதையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒட்டிவைப்பது. அக்கவுண்ட்ஸில் ஓர் அம்மாள் போன் போட்டு, என் பாஸ்வேர்டு என்ன சார் என்று என்னையே கேட்பார். எம்பிஏ படித்த மனிதவள அதிகாரி ஒருவர் கேப்ஸ் லாக் விளக்கு எரிவது தெரியாமல் அரை நாள் உட்கார்ந்திருந்தார். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள், திறந்த திரையில் யார் எது செய்தாலும் அது உங்கள் பெயரில்தான் விழும் என்று நோட்டீஸ் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டு, ஒவ்வொரு பிரிவிலும் ஒட்டினேன். அதன் மேல் கேன்டீன் சாப்பாட்டுப் பட்டியலை ஒட்டினார்கள்.

அந்த நோட்டீஸை மதித்த ஒரே ஆள் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் இருந்த ஹனீஃபா பாய். ஐம்பத்தைந்து வயது, கோவிலம்பாக்கத்திலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்துவிடுவார், காலை ஆறு ஐம்பதுக்கு அவர் கம்ப்யூட்டர் எரியும். குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு லாட் முழுக்கச் சரி என்றால் அவர்தான் கம்ப்யூட்டரில் பாஸ் போட வேண்டும், அதற்கப்புறம்தான் லாரி ஏறும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டுவார். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி. எனக்கு அவரைப் பார்த்தாலும் இளக்காரம்தான், மறைப்பானேன். அந்த ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பார், மூன்று தடவை தப்பானால் அக்கவுண்ட் தானே மூடிக்கொள்ளும், உடனே என் அறை வாசலில் வந்து நிற்பார்.

“முரளி சார், மறுபடியும் மூடிக்கிச்சு சார்.”

வாரத்துக்கு ஒரு தடவை இது. எனக்கு எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் நானே ஒரு சுலபமான பாஸ்வேர்டு போட்டு, காலாவதியே ஆகாதபடி டிக் அடித்து, பாய், இதுதான் இனிமே, மாத்தாதீங்க, என்னை விடுங்க என்றேன். அடுத்தவர் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்திருக்கக் கூடாது என்பது என் நோட்டீஸில் இரண்டாவது வரி. அது மற்ற முட்டாள்களுக்கு, எனக்கில்லை என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பரிசோதனைப் பிரிவில் ப்ரின்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது மணி ஒன்று. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார், ஒன்று ஐம்பதுக்குத்தான் திரும்புவார். திரையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். எனக்குப் பசி. அவர் வரும்வரை காத்திருக்க நான் என்ன மடையனா? எனக்குத் தெரிந்த அவர் பாஸ்வேர்டைத் தட்டித் திறந்தேன், ப்ரின்டரைச் சரி செய்தேன், ஒரு டெஸ்ட் பேஜ் அடித்துப் பார்த்தேன். அந்தத் தாளில் எந்த அக்கவுண்டிலிருந்து அடித்தது, எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி எல்லாம் விழும். ஒன்று எட்டு, பாய் பெயர். கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, திரையைப் பூட்டாமல், எலுமிச்சை சாதம் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வரும்போது வாசலில் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த லாரியைக் காணோம். அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை ஹனீஃபா பாய் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. எல்லோரும் போனோம். நானும் போய், வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் கம்பெனி ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பியது, குழாயெல்லாம் விரிசல். பாஸ் போட்டது யார் என்று எடுத்தால், ஹனீஃபா. தேதி, அந்த வெள்ளிக்கிழமை. அந்த ரிப்போர்ட்டில் தேதி மட்டும்தான் வரும், மணி வராது. மணி சர்வரில் இருக்கும், அதைத் தோண்டிப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தோண்டினேன். ஒன்று எட்டுக்குத் திரை திறந்திருக்கிறது. ஒன்று இருபத்தைந்துக்கு லாட் பாஸ் ஆகியிருக்கிறது. பாய் அப்போது பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நின்றுகொண்டிருப்பார். லாரி ஏற்ற அவசரப்பட்ட எவனோ திறந்து கிடந்த திரையில் அமுக்கியிருக்கிறான், எவன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திறந்து போட்டவன் யார் என்று தெரியும்.

மேனேஜர் வரதராஜன் மீட்டிங் போட்டார். அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அவர் பாஸ்வேர்டு அவர் பெயரேதான், சின்ன எழுத்தில். “பாவம், ஹனீஃபா உடம்பு முடியாம இருந்திருக்காரு, கவனிக்கலை. அப்படியே எழுதிடலாம். அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?” என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். கவனக்குறைவுக்கு உதாரணமாக பாய் பெயரைப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. வாடிக்கையாளருக்குக் கடிதம் தயாரானது, திங்கட்கிழமை அவர்கள் ஆட்கள் நேரில் வரும்போது கொடுப்பதாக ஏற்பாடு. முப்பது வருடம் ஒரு குழாயைத் தப்பாக விடாத மனுஷன், கம்பெனித் தாளில் தப்பு செய்தவர் என்று பதியப் போகிறார். நான் சர்வர் அறை ஏசியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நாளில் பழைய பதிவுகள் மேல் புதுப் பதிவுகள் ஏறிவிடும், அந்த ஒன்று எட்டும் தானே அழிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பாயின் மகள் ஷாஹினா வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். செக்யூரிட்டியிடம் கெஞ்சி, நேராக என்னைத் தேடி வந்திருந்தாள், அதுதான் என்னை உறுத்தியது.

“சார், எங்க அத்தா சொல்வாங்க, முரளி சாருக்கு எல்லாம் தெரியும்னு. அந்த பாஸ் எத்தனை மணிக்குப் போட்டதுன்னு பார்க்க முடியுமா சார்? அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அத்தா பார்க்காம போட மாட்டாங்க சார். போர்டுல அவங்க பேர் தொங்குதுன்னு சொல்றாங்க. அம்மா ரெண்டு நாளா சாப்பிடலை.”

“அதெல்லாம் சிஸ்டத்துல வராதும்மா” என்றேன். குரல்கூட மாறவில்லை. கம்ப்யூட்டர் தெரியாதவர்களிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபம், அவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். தேங்க்ஸ் சார் என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை வரதராஜன் கூப்பிட்டார். திங்கட்கிழமை வருகிறவர்கள் சர்வரையும் பார்ப்பார்களாம், செத்தவர் அக்கவுண்ட் உயிரோடு இருந்தால் அசிங்கம், எடுத்துவிடு என்றார். ஆள் போனால் மனிதவளப் பிரிவிலிருந்து படிவம் வர வேண்டும், வந்தால்தான் நான் மூடுவேன், அந்தக் கேப்ஸ் லாக் மகாராஜா அனுப்பவே இல்லை. சரி என்று அன்று சாயங்காலம் பாய் அக்கவுண்டை முடக்கினேன். இரண்டே க்ளிக்.

வெள்ளிக்கிழமை காலை ரயில் ஊரப்பாக்கம் தாண்டிக்கொண்டிருக்கும்போதே போன். பரிசோதனைப் பிரிவு செல்வி. அவள் அம்மா கோவளத்துப் பக்கம் மீன் விற்கிறவர், இவள் பெருங்களத்தூரில் அக்கா வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறாள், பாய்க்கு அடுத்த நாற்காலி.

“சார், இன்னா சார் இது, பாய் ஐடி தொறந்துகினு கீது. நான் வரசொல்லவே இப்டித்தான் கீது.”

போனேன். பாய் வைத்திருந்த பச்சைப் புல் படத்தோடு அவர் திரை திறந்து கிடந்தது. நெட்வொர்க் வயர் கழன்றிருக்கும், கழன்றால் மெஷின் பழைய பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொண்டு உள்ளே விடும், இது எல்.கே.ஜி. பாடம் என்று வயரைப் பார்த்தேன். வயர் சரியாக இருந்தது. சர்வரில் பார்த்தேன். முடக்கின அக்கவுண்ட் முடக்கினபடியே இருந்தது. அதற்குக் கீழேயே, ஹனீஃபா, ஆறு ஐம்பது, உள்ளே வந்தார் என்று ஒரு வரி. முடக்கின அக்கவுண்டுக்கு அப்படி ஒரு வரி வராது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் அட்மின் பாஸ்வேர்டு எவனுக்கோ தெரிந்திருக்கிறது, விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். கையில் கிடைத்தவள் செல்வி.

“உண்மையைச் சொல்லு, யார் தொட்டது? வேலை போயிடும், தெரியும்ல?”

“இன்னா சார் பேசற நீ? செத்துப்போன மனுசன் ஐடில பூந்து நான் இன்னா பண்ணப் போறேன்? எங்க கங்கையம்மன் மேல சத்தியமா நான் தொடலை. பேஜார் பண்ணாத சார், நானே பயந்துகினு கீறேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நாடகம் என்று நினைத்தேன்.

சரி, வேரோடு பிடுங்கிவிடுகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்தேன். சர்வரிலிருந்து பாய் அக்கவுண்டை அழித்தேன். அந்த மெஷினை டொமைனிலிருந்தே கழற்றினேன். அதிலிருந்த அவர் கோப்புகளை, பச்சைப் புல் படம் உட்பட, அழித்தேன். புதிதாக ஒரே ஒரு லோக்கல் அக்கவுண்ட், அதற்கு என் மனதில் மட்டும் இருந்த ஒரு பாஸ்வேர்டு. நெட்வொர்க் வயரைப் பிடுங்கிச் சுருட்டி என் பையில் போட்டேன். இப்போது வாங்கடா பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன். சாப்பாட்டு நேரம், எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். அத்தனை பெரிய பிரிவில் நான் மட்டும், மேலே மின்விசிறி, வெளியே நல்ல வெயில்.

நம்பினால் நம்புங்கள், நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை பூட்டிக்கொண்டது. சும்மா விட்டு நேரமாகி அணைவது வேறு, அது எனக்குத் தெரியாதா? என் விரல் எழுத்தின் மேல் இருந்தது. பூட்டின திரையில் பெயர் வந்தது. ஹனீஃபா. கீழே மணி, பன்னிரண்டு நாற்பது. அந்தப் பெயர் அந்த மெஷினில் இல்லை. சர்வரில் இல்லை. சர்வருக்கும் அந்த மெஷினுக்கும் நடுவே இருந்த வயர் என் பையில். என் பாஸ்வேர்டை அடித்தேன், தப்பு என்றது. மறுபடி அடித்தேன், தப்பு. மூன்றாவது தடவை ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். அப்படி அடிக்கிறேன் என்பது பாதியில்தான் எனக்கே உறைத்தது. கையை எடுத்துவிட்டேன்.

சுவரிலிருந்து மின்சார வயரைப் பிடுங்கினேன். திரை செத்தது. இருந்தும் எழுந்து போக மனமில்லை, வீம்பு, இந்த இடத்திலேயே சாப்பிடுகிறேன் என்று டப்பாவைத் திறந்தேன். அப்போது பக்கத்தில் இருந்த ப்ரின்டர் கர்ரென்று இழுக்க ஆரம்பித்தது. அது அந்தக் கம்ப்யூட்டரோடு மட்டும் ஒரே வயரில் கட்டியது, வேறு யாரும் அதற்கு உத்தரவு போட முடியாது. கம்ப்யூட்டரின் வயர் என் காலடியில் கிடந்தது. ஒரு தாள் வந்தது. டெஸ்ட் பேஜ். தேதி, அந்தப் பழைய வெள்ளிக்கிழமை. மணி, ஒன்று எட்டு. கம்ப்யூட்டர், பரிசோதனைப் பிரிவு. அக்கவுண்ட் என்ற இடத்தில் என் பெயர்.

அன்றைக்கு நான் கசக்கிப் போட்ட தாளில் பாய் பெயர்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். இதில் என் பெயர். அசிங்கமாக இருக்கிறது சொல்ல, ஆனால் அந்த நேரத்தில் பாயைவிட எனக்கு வேலைதான் ஞாபகம் வந்தது, ஈஎம்ஐ ஞாபகம் வந்தது. அப்புறம்தான் ரெண்டு நாளா சாப்பிடலை என்று அந்தப் பெண் சொன்னது வந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராக வரதராஜன் அறைக்குப் போய் மேஜை மேல் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. தாளே சொல்லிவிடும் என்று நினைத்தேன், பாருங்கள் என் தைரியத்தை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “ஹனீஃபா பேரு, தேதியும் கரெக்ட். பரவாயில்லையே முரளி, எங்கேயிருந்து பிடிச்சே? இதையும் கடிதத்தோட சேர்த்துடு” என்றார்.

குனிந்து பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. அவர் விரல் என் பெயருக்குக் கீழேதான் இருந்தது, வாய் ஹனீஃபா என்றது. இதையும் எடுத்துக்கொண்டு பாயை இன்னொரு தடவை புதைக்கப் போகிறார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பாய் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நான்தான் திறந்தேன், பூட்டாமல் போனது நான்தான், சர்வரில் மணி இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்றேன்.

“பைத்தியமாய்யா உனக்கு? செத்தவரோட போற விஷயத்தை உயிரோட இருக்கறவன் தலையில இழுத்துப் போட்டுக்குவானா எவனாவது? வாயை மூடிட்டுப் போய் வேலையைப் பாரு.”

டெஸ்ட் பேஜை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போர்டில் இருக்கிற தாளை எடுக்காவிட்டால் திங்கட்கிழமை வருகிறவர்களிடம் நானே சொல்வேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன், நான் அத்தனை வருடம் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. போர்டுத் தாள் அன்றே இறங்கியது. கடிதத்தில் பாய் பெயர் போய், அட்மின் செய்த தவறு என்று ஆனது. நானே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். செல்வி கேட் வரைக்கும் வந்தாள், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்துக்குப் போனேன். பாயின் டிவிஎஸ் உறை போட்டு வாசலில் நின்றது. ஷாஹினா அம்மாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்தாள். உங்க அத்தா மேல தப்பு இல்லைன்னு எழுதிட்டாங்கம்மா, தப்பு என்னோடது என்றேன். நம்பிக்கைக்கு இருக்கட்டும் என்று ப்ரின்டரில் வந்த அந்தத் தாளைக் கொடுத்தேன், அவளும் அத்தா பெயரைத்தான் படிப்பாள், விளக்க வேண்டியிருக்கும் என்று தயாராக நின்றேன். அவள் நிதானமாகப் படித்தாள்.

“உங்க பேர்தான் சார் போட்டிருக்கு” என்றாள். “ஒன்னு எட்டு. அத்தா அப்போ ஜும்மாவுல இருந்திருப்பாங்க.” அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தாள். “சார், நான் ஆபீஸுக்கு வந்து மணி கேட்டேனே. அன்னைக்கே இது உங்ககிட்ட இருந்துச்சா?”

இல்லம்மா, இது அதற்கப்புறம் வந்தது, கரண்டே இல்லாத கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“இருந்துச்சும்மா” என்றேன்.

அவள் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நியாயம்தான்.

இப்போது படப்பையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். அதே சாவிக்கொத்து வேலை, அதே மாதிரி ஜனங்கள், பிள்ளை பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். திட்டுவது குறையவில்லை, ஆனால் யாருடைய பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாது. அந்தத் தாளை என் மனைவியிடம் காட்டினேன், ஹனீஃபா என்று படித்தாள். மைத்துனனிடம் காட்டினேன், அவனும் அதேதான். அதோடு நிறுத்திவிட்டேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. கேட்காதீர்கள், எடுத்துக் காட்ட மாட்டேன். நீங்கள் எந்தப் பெயரைப் படிப்பீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.